‘தரவரிசை’ என்று எழுதுவதில் தொடங்குகிற குழப்பம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டுகள் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. “முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்க விடுகிறார்கள், அப்புறம் வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்கள். எத்தனை ஆடினாலும் வெற்றி பாதி, தோல்வி பாதிதான்” என்பதே அது. பெற்றோரும் இதை எழுதுகிறார்கள், கல்லூரி மாணவர்களும் எழுதுகிறார்கள். இந்தப் புகாரில் பெரும்பகுதி கணக்கு தெரியாததால் வருவது. ஒரு சிறு பகுதி மட்டும் நியாயமான சந்தேகம். இரண்டும் கலந்துபோனதால், கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘ரேங்க்’ என்பதற்கும் ‘ரேட்டிங்’ என்பதற்கும் தமிழ்ப் பத்திரிகைகள் ‘தரவரிசை’ என்ற ஒரே சொல்லைத்தான் போடுகின்றன. ரேங்க் என்றால் வரிசையில் எத்தனையாவது இடம் என்பது. ரேட்டிங் என்பது வேறு. இந்த ஆளும் அந்த ஆளும் மோதினால் யார் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டிச் சொல்ல உதவும் எண் அது. கைவசம் நல்ல சொல் வரும்வரை ‘ரேட்டிங்’ என்றே எழுதுகிறேன்.

இந்த எண்ணின் பூர்வீகம் சதுரங்கம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஏலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலக அமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. இன்று கைபேசியில் ஓடும் பல ஆட்டங்களின் ஜோடி சேர்க்கும் கணக்கு அதன் பிள்ளையோ பேரனோதான்.

கணக்கு எளிது. ஒருவர் 1650, இன்னொருவர் 1450 என்று வையுங்கள். வித்தியாசம் 200. அதை 400-ஆல் வகுத்தால் அரை. பத்தின் அரை அடுக்கு, அதாவது பத்தின் வர்க்கமூலம், 3.16. அதோடு ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் ஒன்றை வகுத்தால் 0.24 வரும். வலு குறைந்தவருக்கு எதிர்பார்க்கும் பங்கு அதுதான், வலுத்தவருக்கு மீதி 0.76. ஓர் ஆட்டத்துக்குப் பந்தயம் 20 புள்ளி என்று கொள்வோம் (இந்த 20-ஐத்தான் ‘கே’ என்பார்கள்). வலுத்தவர் ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது 20-இல் 0.24 பங்கு, அதாவது 4.8 புள்ளி. தோற்றால் போவது 15.2. டிரா ஆனாலும் 5.2 போகும்.

“ஜெயித்தால் அஞ்சு, தோற்றால் பதினஞ்சா, இது என்ன அநியாயம்?” என்று கேட்பவர்கள் இதே இருவரை 100 ஆட்டம் ஆடவிட்டுப் பார்க்கட்டும். எதிர்பார்த்தபடியே 76 வெற்றி, 24 தோல்வி என்றால் வரவு 364.8, செலவும் 364.8. நிகரம் பூஜ்யம். எண் சரியாக இருந்தால் அது நகரக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நன்றாக ஆடியதற்குக் கூலியாகப் புள்ளி கொடுப்பதில்லை. கணிப்பு எவ்வளவு பிசகியதோ அவ்வளவுதான் திருத்தம்.

பாதிக்குப் பாதி விஷயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஜோடி சேர்க்கும் நிரல் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவரையே தேடிப் பிடிக்கிறது. சமமானவரோடு ஆடினால் பாதி ஆட்டம் ஜெயிப்பீர்கள், வேறென்ன நடக்கும்? திறன் கூடினால் வெற்றி கூடும், எண் ஏறும், அடுத்து வருகிறவர் அதற்கேற்பக் கெட்டிக்காரராக இருப்பார், மறுபடி பாதிக்கு வந்து நிற்கும். வெற்றி விகிதத்தை வைத்து முன்னேற்றத்தை அளப்பது, மரம் ஏறிக்கொண்டே உச்சி எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் மூச்சு வாங்குவதை எண்ணுவது மாதிரி.

அடுத்தது தொடர் தோல்வி. சமமான இருவருக்கு ஒவ்வோர் ஆட்டமும் காசு சுண்டுவது போலத்தான். 20 ஆட்டத்துக்குள் எங்காவது தொடர்ந்து 5 தோல்வி வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. 100 ஆட்டம் என்றால் தொடர்ந்து 6 தோல்வி எங்காவது வந்துவிடும் வாய்ப்பு 54 சதவீதத்துக்கும் மேல். அதாவது 100 ஆட்டம் ஆடியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆறு தோல்வி வரிசையாகப் பார்த்திருப்பார்கள், யாரும் சதி செய்யாமலேயே. அசல் ஆட்டத்தில் இதைவிட மோசமாகவும் போகும். காசுக்குக் கோபம் வராது, மனிதனுக்கு வரும். மூன்று ஆட்டம் தோற்ற எரிச்சலில் ராத்திரி ஒரு மணிக்கு “இன்னும் ஒண்ணு” என்று உட்காருகிறவர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடிய அதே ஆளல்ல. ஏலோவின் கணக்கில் அந்த நேரத்துக்கென்று தனி எண் கிடையாது.

எண்ணின் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. திறன் கொஞ்சமும் மாறாத ஒருவர் தன் எண்ணுக்கு நிகரானவர்களோடு ஆடிக்கொண்டே இருந்தால், கே 20 ஆக இருக்கும்போது எண் உண்மை மதிப்பைச் சுற்றிச் சுமார் 40 புள்ளி திட்டவிலக்கத்தோடு (வழக்கமாக மேலும் கீழும் விலகும் தூரம்) ஆடும். கே 40 என்றால் ஏறக்குறைய 60, கே 10 என்றால் 30. ஆகவே 1500 திறன்காரர் ஒரு சமயம் 1570-இலும் இன்னொரு சமயம் 1430-இலும் நிற்பது நடக்கக்கூடியதே. 1570-இல் நின்றபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் தன் உண்மையான தரம் என்று அவர் நம்புவார். 1430-க்கு இறங்கியதும் “அல்காரிதம் கீழே தள்ளிவிட்டது” என்பார். இரண்டுமே அதே 1500-தான்.

அப்படியானால் கே-யைக் குறைத்து அலைச்சலை அடக்கலாமே என்றால், வேறு பக்கம் இடிக்கும். ஒருவர் உண்மையில் 200 புள்ளி மேலே இருக்க வேண்டியவர் என்றால், கே 20-இல் அந்த இடைவெளி பாதியாகக் குறையவே சுமார் 25 ஆட்டம் ஆகும். கே 10-இல் அதைப்போல் இரு மடங்கு. அசையாத எண் வேண்டுமா, சீக்கிரம் கண்டுபிடிக்கும் எண் வேண்டுமா என்றால் ஏலோ முறையில் ஏதாவது ஒன்றுதான். ஃபிடே இதை ஆளைப் பார்த்துச் சமாளிக்கிறது. புதியவருக்கு 30 ஆட்டம் முடியும்வரை 40, எண் 2300-க்குக் கீழே உள்ள 18 வயதுக்குட்பட்டோருக்கும் 40, மற்றவர்களுக்கு 20, ஒரு தரம் 2400-ஐத் தொட்டுவிட்டால் அதன்பின் 10.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன். 1995-இல் அவர் கொண்டுவந்த கிளிக்கோ முறை ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் வைக்கிறது. ஒன்று ரேட்டிங். இன்னொன்று அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான விலக்கம். நிஜத் திறன், 95 சதவீத வாய்ப்போடு, ரேட்டிங்கிலிருந்து விலக்கத்தின் இரு மடங்கு மேலே கீழே உள்ள எல்லைக்குள் இருக்கும் என்பது பொருள்.

அவர் கொடுக்கும் உதாரணமே தெளிவானது. ஒருவர் 1500, விலக்கம் 200. ஆகவே 1100-இலிருந்து 1900-க்குள் எங்கேயோ இருக்கிறார். 1400-காரரை ஜெயிக்கிறார், 1550-இடமும் 1700-இடமும் தோற்கிறார். மூன்று ஆட்டம் முடிந்து அவர் எண் 1464, விலக்கம் சுமார் 151. எண் 36 இறங்கியதை மட்டும் பார்த்தால் நஷ்டம். ஆனால் அவரைப் பற்றிய சந்தேகம் 800 புள்ளி அகலத்திலிருந்து 600 அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. எதிராளி யாரென்றே சரியாகத் தெரியாதபோது, அதாவது அவருடைய விலக்கம் பெரிதாக இருந்தால், அவரிடம் தோற்பது உங்கள் எண்ணை அவ்வளவாக அசைக்காது.

லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் இதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2-ஐப் பயன்படுத்துகிறது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ‘1500?’ என்று இருக்கும். அந்தக் கேள்விக்குறியை யாரும் மதிப்பதில்லை. தொடக்க விலக்கம் 500 என்பதால், ‘இவர் 500-ஆகவும் இருக்கலாம், 2500-ஆகவும் இருக்கலாம்’ என்றுதான் அந்தக் குறி சொல்கிறது. விலக்கம் 110-க்குக் கீழே போனால்தான் குறி மறையும். ஆடாமல் விட்டால் விலக்கம் மறுபடி வளரும். 60-இல் இருந்தவர் ஓராண்டு ஆடாமல் இருந்தால் 110-க்கு வந்து, கேள்விக்குறி திரும்பிவிடும். பொதுத்தேர்வுக்காக ஒரு வருடம் நிறுத்தியவர் திரும்பி வந்து முதல் சில ஆட்டங்களில் புள்ளிகள் தாறுமாறாகக் குதிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நிரல் அவரை மறுபடி அளந்துபார்க்கிறது, அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஒருவர் என்ற வரைக்கும் இது சரி. குழு ஆட்டம் வந்தால் கதை மாறும். எக்ஸ்பாக்ஸ் இணைய ஆட்டங்களுக்காக மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ரால்ஃப் ஹெர்பிரிக், டாம் மிங்கா, தோரே கிரேப்பல் ஆகியோர் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில் எல்லாரும் சராசரி (கணித்த திறன்) 25, விலக்கம் 8.33 என்று தொடங்குவார்கள். திரையில் காட்டுவது சராசரியிலிருந்து விலக்கத்தின் மூன்று மடங்கைக் கழித்து. ஆகவே புதியவருக்கு பூஜ்யம். இரண்டு புதியவர்கள் மோதி ஒருவர் ஜெயித்தால் அவர் சராசரி சுமார் 29.4, தோற்றவருடையது 20.6, இருவர் விலக்கமும் 7.17. கழித்துப் பாருங்கள். ஜெயித்தவர் பூஜ்யத்திலிருந்து 7.9-க்கு ஏறுகிறார், தோற்றவர் 0.9 மட்டும் இறங்குகிறார். சராசரி இருவருக்கும் ஒரே அளவுதான் நகர்ந்தது. சந்தேகம் குறைந்த ஆதாயம் இருவருக்கும் கிடைத்ததால் கீழே விழுந்தவருக்கு அடி லேசாகப்பட்டது. “ஆரம்பத்தில் ஜெயிக்க விடுகிறார்கள்” என்ற எண்ணத்துக்கு இது ஒரு காரணம். தொடக்கத்தில் எண் ஏறுவது வெற்றியால் மட்டுமல்ல, ஆடியதாலேயே.

குழுவில் நிரலுக்குக் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. நாலு பேருக்கு நாலு பேர் ஆடினால் எட்டுப் பேரைப் பற்றியும் தெரிவது ஒரே செய்தி, எந்தப் பக்கம் ஜெயித்தது என்பது மட்டும். ஒருவருடைய திறனைக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை ஆட்டம் வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் கொடுத்த கணக்கு: இருவர் மோதும் ஆட்டத்தில் 12, நாலுக்கு நாலில் 46, எட்டுக்கு எட்டில் 91. தொடக்க ரேங்க்கை முடிவுசெய்யும் பத்து ‘பிளேஸ்மென்ட்’ ஆட்டம் முடிந்ததும் கிடைத்த பட்டத்தை நெற்றியில் ஒட்டிக்கொள்கிறவர்கள் இந்த எண்களை ஒரு முறை பார்க்கலாம்.

“என் டீம் சொதப்பியதால் தோற்றேன், எனக்கு ஏன் புள்ளி போகிறது? நான் இருபது பேரைச் சுட்டேனே!” இதுவும் நியாயமான கேள்விதான். தனிநபர் கணக்கைச் சேர்த்தால் கண்டுபிடிப்பு வேகமாகும். 2018-இல் வந்த ட்ரூஸ்கில் 2 அதைச் செய்கிறது. சுட்ட எண்ணிக்கை, நண்பர்களோடு சேர்ந்து வந்தாரா, பாதியில் விட்டு ஓடுகிறவரா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஆனால் சுட்டதற்கு நேரடியாகப் புள்ளி என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்த நாளிலிருந்து கொடியைக் காக்க ஆள் இருக்காது, எல்லாரும் மூலையில் பதுங்கிச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே பல நிறுவனங்கள் வெற்றி தோல்வியையே முதன்மையாக வைத்துக்கொள்கின்றன. நீண்ட ஓட்டத்தில் அது சரியாகவும் வரும். சொதப்பும் கூட்டாளி உங்கள் பக்கம் வரும் அளவுக்கு எதிர்ப்பக்கமும் வருவார். உண்மையில் நீங்கள் சொதப்பாதவர் என்றால், ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் அவர் வர ஐந்து இடம், உங்கள் பக்கம் நாலுதான்.

குழு ஆட்டத்தில் நிஜமாகவே உடைவது வேறு இடம். 2000-காரர் தன் 1000-கார நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்தால் சராசரி 1500. எதிரே 1500-காரர் இருவர். தாளில் சமம். களத்தில் 2000-காரர் ஒருவரே இருவரையும் முடித்துவிடுகிற ஆட்டமும் உண்டு, 1000-காரர் வழியாகக் கோட்டை சரிகிற ஆட்டமும் உண்டு. எது என்பது ஆட்டத்தின் தன்மையைப் பொறுத்தது. சராசரிக்கு அது தெரியாது. அதனால்தான் பல ஆட்டங்களில் ரேங்க் இடைவெளி அதிகமான நண்பர்களைப் போட்டிப் பிரிவில் சேர்ந்து ஆட விடுவதில்லை.

வலுத்தவர் புதுக் கணக்கு தொடங்கிக் கீழே வந்து மேய்வதை ‘ஸ்மர்ஃப்’ என்கிறார்கள். புதுக் கணக்கின் விலக்கம் பெரிது என்பதால் நல்ல நிரல் சீக்கிரமே அவரைத் தூக்கி மேலே போட்டுவிடும். வேண்டுமென்றே தோற்று எண்ணைக் கீழேயே வைத்திருப்பவரைத்தான் பிடிப்பது கஷ்டம். தோல்வி எல்லாம் நேர்மையான தோல்வி என்பதே இந்தக் கணக்கின் அஸ்திவாரம்.

இனி சந்தேகத்தின் நியாயமான பகுதி. வாலரண்ட் போன்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டங்களில் எண் இரண்டு. திரையில் தெரியும் ரேங்க், அதற்குள் 100 வரை ஏறும் புள்ளி. பின்னால் மறைந்திருக்கும் ரேட்டிங் வேறு, ஜோடி சேர்ப்பது அதை வைத்துத்தான். மறைந்த எண் ரேங்க்கைவிடக் கீழே இருந்தால் வெற்றிக்குக் கொஞ்சம் தருவார்கள், தோல்விக்கு நிறையப் பிடிப்பார்கள், இரண்டும் ஒன்றுசேரும்வரை. ‘ஜெயித்தால் 15, தோற்றால் 25’ என்று பார்த்தால் கணக்கு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. உங்கள் பட்டம் உங்கள் ஆட்டத்தைவிட ஒரு படி முன்னால் ஓடிவிட்டது. ஆனால் இதை ஆட்டக்காரரிடம் நேராகச் சொல்லாமல் அம்புக்குறியும் பதக்கமும் காட்டுவது நிறுவனத்தின் தவறு. பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ-யில் நிலைமை இன்னும் கலங்கல். அங்கே கடைசிவரை உயிரோடு இருப்பதே புள்ளி தருகிறது, கீழ்ப்படிகளில் எதிரிகளில் பலர் கணினி இயக்கும் பொம்மைகள், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் படி இறக்கப்படுகிறது. அந்த ‘டயர்’ (படிநிலை) எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

சதி என்று சொல்ல ஆதாரமே இல்லையா? எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் உண்டு. பலவீனமானவரை, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி வைத்திருக்கும் வல்லவரோடு மோதவிட்டு அதை வாங்கத் தூண்டலாம் என்று விவரிக்கும் காப்புரிமை, கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷனுக்கு 2017-இல் கிடைத்தது. அது ஆய்வு யோசனை மட்டுமே, எந்த ஆட்டத்திலும் புகுத்தவில்லை என்றது அந்நிறுவனம். அதே 2017-இல் இஏ என்ற விளையாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இணைந்து எழுதிய ஒரு கட்டுரை, சமமான ஜோடியைவிட ஆட்டக்காரர் விட்டுப்போகாமல் இருக்கும் ஜோடியைத் தேர்வதே நல்லது என்று கணக்குப் போட்டுக் காட்டியது. இவற்றை வைத்து எல்லா ஆட்டமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்க ஆதாரமும் உண்டு. ஆக்டிவிஷனே 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், கால் ஆஃப் டியூட்டியில் திறன் பார்த்து ஜோடி சேர்ப்பதைத் தளர்த்திச் சோதித்தபோது மிக வல்லவர்கள் தவிர்த்த பெரும்பாலோர் மறுபடி ஆட வருவது குறைந்தது என்று சொல்லியிருக்கிறது. சமமான ஜோடி அவர்களுக்கும் லாபம்தான்.

ஆகவே ‘தோற்கடிக்கிறார்கள்’ என்று எழுதுவதைவிட, விலக்கத்தைக் காட்டு என்று கேட்பது பயன்தரும். லிச்செஸ் தன் நிரல் முழுவதையும் திறந்து வைத்திருக்கிறது. குழு ஆட்டமான டோட்டா 2-உம் 2023-இல் கிளிக்கோவுக்கு மாறி, எண்ணோடு நம்பகச் சதவீதத்தையும் காட்டத் தொடங்கியது. மற்றவர்களால் முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை.

நம் ஊருக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்று மிச்சம். ரேட்டிங் என்பது அது பிறந்த குளத்துக்குள் மட்டுமே செல்லும். லிச்செஸ் 1800-உம் செஸ்.காம் 1800-உம் ஃபிடே 1800-உம் மூன்று வெவ்வேறு நாணயங்கள். ஒரே தளத்தில் பிளிட்ஸ் (சில நிமிட அதிவேக ஆட்டம்) எண்ணும் ரேபிட் (அதைவிடச் சற்று நீண்ட ஆட்டம்) எண்ணும்கூட வேறு. குளங்கள் கலக்காதபோது என்ன ஆகும் என்பதைக் கொரோனாவுக்குப் பின் சென்னை ஓபன் போட்டிகளில் ஆடிய பெரியவர்களைக் கேட்டால் தெரியும். குழந்தைகள் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடித் தேறினார்கள், அவர்களுடைய ஃபிடே எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 1300 என்று பலகையில் போட்ட பத்து வயதுப் பையன் 1800-காரரைச் சாய்க்க, பெரியவரின் புள்ளி கரைந்தது. உலகம் முழுக்க இருந்த இந்தச் சரிவுக்கு 2024 மார்ச்சில் ஃபிடே மருந்து கொடுத்தது. 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000-த்துக்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் ஒரே தடவையில் கூட்டப்பட்டது. 1000-இல் இருந்தவர் 1400 ஆனார், 1800-காரர் 1880. அடிமட்ட எண்ணும் 1400 ஆக உயர்ந்தது. அந்த மாதம் எண் ஏறியதைச் சாதனை என்று பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்ததும், அதைப் பத்திரிகைகள் வாங்கிப் போட்டதும் தனிக் கூத்து.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். மாவட்டச் செய்திகளில் ‘சர்வதேசத் தரவரிசையில் 2000 பெற்ற மாணவி’ என்று வரும்போது, எந்த அமைப்பு அல்லது தளம், எந்த வகை ஆட்டம், எத்தனை ஆட்டத்துக்குப் பிறகு என்ற மூன்றையும் நிருபர் கேட்டு எழுதட்டும். ‘லிச்செஸ், ரேபிட், 2000, 310 ஆட்டம்’ என்றால் ஒரே வரிதான். பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அதையும் விடாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.